முதல் பூ கேட்டுப் போன பின்னேரம்

என் வளவில் மல்லிகை இல்லை என்பதை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். போன கிழமை நம்முடைய வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி கேட்டே விட்டா: "ஒன்ட வாசல்ல கடதாசிப் பூ நாலு நிறத்துல நிக்கி, செவ்வரத்தை நிக்கி, மணிவாழை நிக்கி. ஒரு மல்லிகைக் கொடி நட இடமில்லையாகா?" நான் சிரிக்கிற முகம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

நமக்கு அறுபது கடந்துவிட்டது. முழங்கால் போயிற்று, சீனி வருத்தம் வந்தாயிற்று, பிள்ளைகள் கட்டாரிலும் கொழும்பிலும் இருக்கிறார்கள். கடைசியில் நமக்குக் கதைக்கக் கிடைத்தது பூமரங்கள்தான். யார் வீட்டில் எது பூத்தது, யார் யாருக்குக் கன்று கொடுத்தா, யார் கொடுக்க மனமில்லாமல் "வேர் பிடிக்கல்ல" என்று சொல்லி ஏய்த்தா என்று விடிந்தால் படமும் குரலுமாக வந்து விழுகிறது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். என் மணிவாழைக் கிழங்கு காரைதீவு வரைக்கும் போயிருக்கிறது. மல்லிகையை மட்டும் யார் கொண்டுவந்து நீட்டினாலும் நான் வாங்கியதில்லை. இடம் இருக்கிறது. அதன் முகத்தில் விழிக்கத்தான் எனக்கு முடியாது. ஏன் என்று இன்றைக்கு எழுதியே விடுகிறேன். குரலில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், நீங்களும் ஆளுக்கொரு துஆவை அனுப்பிவிட்டு அடுத்த பூவின் படத்தைப் போட்டுவிடுவீர்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. சாய்ந்தமருதில் கடலுக்கு மூன்று வளவு தள்ளி எங்கள் வீடு. நம் பக்கத்து வழக்கப்படி அது உம்மாவுக்குச் சீதனமாக வந்த வீடு, வாப்பா அதில் வந்து ஏறியவர். வரும்போது அவர் கொண்டுவந்தது ஒரு வலையும், தன் தாய் வளவிலிருந்து பிடுங்கிய ஒரு மல்லிகைக் கன்றும்தான் என்று உம்மா கேலி பண்ணுவா. அந்தக் கன்று கிணற்றடியில் புதராகி, அதிலிருந்து பதி வைத்த இன்னொன்று வேலியோரம் புதராகி நின்றது. வாப்பா கடலால் வந்து குளித்தாலும் அவரில் மீன் மணம் போகாது. உம்மாவின் தலையில் எந்நேரமும் மல்லிகை மணம். நான் இருவருக்கும் நடுவில் படுத்து வளர்ந்தவள். இன்றைக்கும் மீன் சந்தையில் பூக்காரி ஒருத்தி கடந்துபோனால் எனக்கு நித்திரை வருகிறது.

உம்மா மல்லிகை வளர்த்த விதத்தை இப்போது யூடியூபில் ஒருவரும் சொல்வதில்லை. மாரி மழை விட்டு வெயில் ஏறத் தொடங்கியதும் கொடியை ஈவிரக்கமில்லாமல் கத்தரிப்பா. மிச்ச இலையையும் கையால் உருவிவிடுவா. மொட்டைக் கம்புகள் நிற்பதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும். பிறகு ஆட்டுப் புழுக்கையைக் கிண்டிப் போட்டு, அரிசி கழுவின தண்ணீர், மீன் கழுவின தண்ணீர், தேயிலைச் சக்கை என்று வீட்டில் மிஞ்சியதெல்லாம் அதன் வேருக்குப் போகும். மேற்கிலிருந்து கச்சான் காற்று நெருப்பாக வீசத் தொடங்கி, புல்லெல்லாம் கருகி, ஆடுகள் கடதாசி தின்னத் தொடங்கும் நாட்களில், அந்தக் கம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துத் தள்ளும். "சூடு பட்டாத்தான் இதுக்குப் புத்தி வரும், ஒன்னப் போல" என்பா உம்மா.

பதி வைப்பதென்றால், தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, தோலை நகத்தால் சுரண்டி, பால் டின்னில் மண்ணும் சாணியும் நிரப்பி அதற்குள் அமிழ்த்தி, மேலே ஒரு கல்லை வைத்தால் ஒன்றரை மாதத்தில் வேர் விடும். அதை வெட்டி எடுத்துக் கேட்டவர்களுக்குக் கொடுப்பா. எங்கள் தெருவில் இதற்கு ஒரு முறை இருந்தது. கன்று வாங்கினவள் ஒரு பேச்சும் பேசாமல் வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஆனால் அந்தக் கன்று முதல்தரம் பூக்கும்போது அந்தப் பூவை அவள் தன் தலையில் வைக்கக் கூடாது, கொடுத்தவளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முதல் பூ தாய் வீட்டுக்கு. கொடுத்தவள் அதை வாங்கி அந்த இடத்திலேயே தலையில் வைப்பா. இரண்டு பேரும் சிரிப்பார்கள், அவ்வளவுதான். அந்த வருசம் உம்மாவிடமிருந்து ஏழு வீட்டுக்குக் கன்று போயிருந்தது.

அந்த ஏழில் ஒன்று வாப்பாவின் தொழில் கூட்டாளியின் மனைவிக்கு. கலியாணம் முடித்து ஒரு வருசமும் ஆகாத இளம் பெண். நான் சாச்சி என்று கூப்பிடுவேன். அவவின் புருசனும் வாப்பாவும் ஒரே எஞ்சின் போட்டில் போகிறவர்கள். ஒரு நாள் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு இரண்டு பேரும் போனார்கள். மறுநாள் காலையில் மற்றப் போட்டுகள் எல்லாம் வந்தன, அது வரவில்லை.

எஞ்சின் நின்றிருக்கும் என்றார்கள். நம் கடலில் கச்சான் கரையிலிருந்து வெளியே தள்ளுகிற காற்று என்பது உங்களுக்குத் தெரியும். எஞ்சின் நின்ற போட்டை அது கொண்டு போய்க்கொண்டே இருக்கும். தேடிப் போனவர்கள் மூன்று நாள் தேடிவிட்டு, உதடு வெடித்து, வெறும் கையோடு வந்தார்கள். ஐந்தாம் நாள் சாச்சியின் புருசனுடைய மையத்து காரைதீவுக் கரையில் ஒதுங்கியது. அடக்கினார்கள். சாச்சி வெள்ளை உடுத்து இத்தாவில் உட்கார்ந்தா. நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு இறங்கக் கூடாது, நகை கூடாது, அத்தர் கூடாது, பூ கூடாது.

வாப்பா வரவே இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கதை முடிவில் அவர் வந்து நிற்பார் என்று நீங்களும் காத்திருக்க வேண்டாம். நாங்கள் காத்திருந்ததே போதும்.

ஊர் அடுத்ததாக உம்மாவைப் பார்த்தது. இரண்டு பேர் போன போட், ஒருவர் மையத்தாக வந்துவிட்டார், மற்றவர் மட்டும் உயிரோடு இருப்பாரா? தெருவுக்கு அதில் சந்தேகமே இல்லை. உம்மாவின் கணக்கு வேறு. "அவரு கரைக்கு வந்தாரு. இவரும் மௌத்தாகி இருந்தா இவரையும் அதே கடல்தானே கொண்டு வந்து போட்டிருக்கும்? வரல்ல. அப்ப இவரு போட்டுல இரிக்காரு. கச்சான் கொண்டு போயிரிக்கி. கச்சான் நிண்டு வாடைக் காத்து வந்தா அதே காத்து இவரக் கொண்டு வரும்." இதைச் சொல்லும்போது உம்மாவின் குரலில் ஒரு நடுக்கமும் இருக்காது. உலையில் அரிசி போட்டுக்கொண்டே சொல்லுவா. நான் அந்தக் கணக்கை ஒரு நாளைக்கு நூறு தரம் எனக்குள் போட்டுப் பார்ப்பேன். சில நேரம் சரியாக வரும், சில நேரம் வராது.

ஒவ்வொரு நாளும் அசருக்குப் பிறகு உம்மா குளித்து, தலை சீவி, கொண்டையில் மல்லிகை வைத்தா. முன்பெல்லாம் நினைத்த நாளில் வைத்தவ, இப்போது ஒரு நாளும் தப்பாமல் வைத்தா. முக்காட்டை நெற்றி வரைக்கும் இழுத்து மூடினாலும் மணத்தை எதைப் போட்டு மூடுவது? கிணற்றடிக்கு வருகிறவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். "புருசனக் கடல் கொண்டு போயிட்டு, இவக்குப் பூ கேக்குதாம்" என்று வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டது. வேண்டுமென்றே கேட்கும்படிதான் சொன்னார்கள். நான் உம்மாவின் முகத்தைப் பார்த்தேன். உம்மா மீனின் செதிளை உரசிக்கொண்டே இருந்தா.

உம்மாவுக்குப் பூ அலங்காரமில்லை என்று எனக்கு இப்போது விளங்குகிறது. விதவை பூ வைக்க மாட்டாள். ஆகவே பூ வைத்திருக்கிறவள் விதவை இல்லை. தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காத ஊருக்கு உம்மா தன் கொண்டையால் பதில் சொல்லிக்கொண்டிருந்தா. ஒரு நாள் பூ இல்லாமல் தலை சீவினால் அன்றைக்கு வாப்பா செத்துப்போவார். அந்த ஒரு நாள் வந்துவிடாமல் பார்ப்பதுதான் அந்த மாதங்களில் உம்மாவின் ஒரே வேலை.

கிணறு முதலில் காலை வாரியது. கச்சானில் நம் கடற்கரைக் கிணறுகள் உப்பேறிச் சவர்த்துப் போகும். அந்த வருசம் வாயில் வைக்க முடியாத சவர். அதை ஊற்றினால் அரும்பு கருகி விழும். உம்மா பக்கத்து வீட்டு மாமியின் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தா. குடிக்க ஒரு குடம், மல்லிகைக்கு இரண்டு குடம். மாமி நல்லவதான், எங்களுக்குக் கஞ்சியும் தந்தவ. ஆனால் தண்ணீர் பூவுக்குப் போகிறது என்று கண்டதும் கப்பிக் கயிற்றைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டா. "குடிக்கக் கேட்டா நானே அள்ளித் தாறன் புள்ள. பாவத்துக்கு நான் தண்ணி ஊத்த மாட்டன்" என்றா. அதன் பிறகு நாங்கள் குடிக்கிற தண்ணீரில் பாதி மல்லிகைக்குப் போனது. எனக்குத் தாகம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அடுத்தது மாமா. உம்மாவின் ஒரே காக்கா, கூடப்பிறந்த அண்ணன். சாகாமத்தில் வயல் செய்கிறவர், நாங்கள் பட்டினி கிடக்காமல் நெல் கொண்டுவந்து போட்டவர் அவர்தான். ஒரு நாள் வயலிலிருந்து நேராக வந்தார். கையில் வெட்டுக்கத்தி. வந்தவர் வீட்டுக்குள் ஏறவேயில்லை. கிணற்றடி மல்லிகையை அடியோடு வெட்டினார், பிறகு வேலியோரத்தில் நின்றதையும் வெட்டினார். வெட்டும்போது அவர் அழுதுகொண்டிருந்தார் என்பதை நான் கண்டேன். "பள்ளிவாசலுக்குப் போகேலாம இரிக்கி, தங்கச்சி. எல்லாரும் என்னைத்தான் பாக்காங்க. அவர் போயிட்டாரு. நீ இத்தா இரு. அவருக்குச் செய்ய வேண்டிய கடன அவருக்குச் செய்."

உம்மா சண்டை போடவில்லை. "வெட்டினா இன்னும் நல்லாத் தளிர்க்கும் காக்கா" என்று மட்டும் சொன்னா. மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு போன பிறகு, மண்ணில் கிடந்த கம்புகளை மடியில் போட்டு ஒவ்வொரு அரும்பாகக் கிள்ளி எடுத்துப் பீங்கானில் தண்ணீர் விட்டு மிதக்க வைத்தா. அது மூன்று நாளைக்குப் பூத்தது. மூன்றாம் நாள் பூ கடுகளவுதான், மணமும் இல்லை. உம்மா அதையும் வைத்தா.

மாமா கெட்டவர் இல்லை. இப்போது நம் பிள்ளைகளே மார்க்கக் கிதாபைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள்: புருசன் காணாமல் போனவள் எடுத்த எடுப்பில் இத்தா இருக்கத் தேவையில்லை, மௌத்து உறுதியாகும் வரைக்கும், அல்லது காதியார் விசாரித்து முடிவு சொல்லும் வரைக்கும் அவள் அவனுடைய மனைவிதான். அன்றைக்கு எங்கள் தெருவில் இதை ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லை. மார்க்கத்தைக் காப்பாற்றுகிறோம் என்று எல்லோருமாகச் சேர்ந்து மார்க்கம் கேட்காத ஒன்றை உம்மாவிடம் கேட்டார்கள். உம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது, ஆனால் சட்டத்தில் உம்மாதான் சரி. இது எனக்கு ஐம்பது வயதில் தெரியவந்தது. தெரிந்து என்ன பிரயோசனம்?

நாலாம் நாள் ஒரு வியாழக்கிழமை. வீட்டில் பூ இல்லை. உம்மா குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து என்னைக் கூப்பிட்டா. கையில் சீப்பு இருந்தது, சீவவில்லை.

"மகள், நான் குடுத்த ஏழு கண்டும் இப்ப பூத்திரிக்கும். ஒருத்தரும் முதல் பூ கொண்டு வரல்ல, மறந்திட்டாங்க போல. நீ போய்க் கேளு. பிச்சை கேக்கிற மாதிரிக் கேக்காத. உம்மா முதல் பூ வாங்கிட்டு வரச் சொன்னா எண்டு நிமிர்ந்து கேளு."

மறந்துவிட்டார்களாம். பத்து வயதில் எனக்கே தெரிந்தது உம்மாவுக்குத் தெரியாதா? நான் புறப்பட்டேன். முதலில் பக்கத்து வீட்டு மாமி. அவவின் கன்று படியடியில் நின்றது, குறைந்தது இருபது பூ. நான் கேட்டதும் மாமி என்னைக் கையைப் பிடித்து அருகில் இருத்தினா. தலையைத் தடவினா.

"நீ பெரிய புள்ள, ஒனக்குச் சொல்லுறன். வெள்ளி இரா அண்டைக்கு மௌத்தானவங்கட ரூஹ் தங்கட வீட்டுக்கு வரும். ஒன்ட வாப்பாவும் வருவாரு. வந்து வாசல்ல நிண்டு பாப்பாரு. ஒன்ட உம்மா பூ வச்சிக்கிட்டு இரிக்கிறதைக் கண்டா, நம்மள மறந்திட்டாள் எண்டு அழுதுக்கிட்டுக் கிறுகிப் போயிருவாரு. ஒவ்வொரு கிழமையும் அப்பிடித்தான் போறாரு. நீ வாப்பாக்குச் செல்லப் புள்ளதானே? யோசிச்சிப் பாரு."

அன்றைக்கு வியாழக்கிழமை பின்னேரம். நம் கணக்கில் வியாழன் பொழுது படுவதோடு வெள்ளி இரவு தொடங்கிவிடும், அதற்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

அதன் பிறகு நான் எப்படி நடந்தேன், எந்தெந்த வீட்டில் என்ன கேட்டேன் என்பதெல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கிறது. ஒரு வீட்டில் "இன்னும் பூக்கல்ல எண்டு சொல்லு" என்றார்கள். சொன்ன பெண்ணின் மகள் தலையில் பூவோடு உள்ளே ஓடினாள். இன்னொரு வீட்டில் கதவே திறக்கவில்லை. யன்னல் சீலை மட்டும் அசைந்தது. வேறொரு வீட்டில் என் கையில் தொதல் இனிப்பு இரண்டு துண்டம் வைத்து அனுப்பினார்கள். அது கையில் ஒட்டிக்கொண்டது. நான் நிமிர்ந்துதான் கேட்டேன். ஆனால் எனக்குள் ஒரு குரல், தராதீர்கள், தராதீர்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. ஆறு வீட்டிலும் தரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஏழாவது சாச்சி வீடு. இத்தா வீட்டில் போய்ப் பூக் கேட்கிறதா? கேட்காமல் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சாச்சி என்னை யன்னலால் கண்டுவிட்டா. வெள்ளைச் சீலைக்குள் முகம் மட்டும் தெரிந்தது, அதுவும் வெளிறிப்போய். உம்மா கொடுத்த கன்று அந்த யன்னலுக்குக் கீழேதான் நின்றது. நான் ஒன்றும் கேட்கவில்லை. சாச்சிதான் கேட்டா.

"ராத்தாட மரத்த மாமா வெட்டிட்டாராமே. உண்மையா?"

"ஓம் சாச்சி."

"இண்டைக்கு என்ன வச்சா?"

"ஒண்டும் இல்ல."

சாச்சி வீட்டுக்குள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தா. பிறகு யன்னலால் கையை வெளியே நீட்டி, விரிந்ததும் அரும்புமாக எட்டிய மட்டும் பறித்தா. இத்தாவில் இருக்கிறவ பூவைத் தொடுகிறா, யாரும் காண்கிறார்களா என்று நான் தெருவைப் பார்த்தேன். பறித்ததைக் கொப்பித்தாள் ஒன்றில் சுருட்டி என்னிடம் தந்துவிட்டு, யன்னல் விளிம்பில் கிடந்த மணலை அள்ளி இரண்டு கையிலும் தேய்த்தா. மணம் போக வேண்டுமே, மகனைப் பறிகொடுத்த மாமியார் வந்து உள்ளே இருந்தா.

"உம்மாட்டக் குடு. அவ வைக்கட்டும். அவவாவது வைக்கட்டும் எண்டு சாச்சி சொன்னா எண்டு சொல்லு. விளங்கிச்சா?"

எனக்கு விளங்கவில்லை. புருசனின் மையத்தைக் கண்ணால் கண்டவ, தனக்கு ஒரு நாளும் இல்லாததை இன்னொருத்திக்குக் கொடுத்தனுப்புகிறா என்று பத்து வயதில் விளங்குமா? என் தலைக்குள் வாப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். உடுத்த சாரம் நனைந்து, உப்புப் பூத்த கையோடு, உள்ளே வர முடியாமல். நான் இந்தச் சுருளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் இன்றைக்கும் திரும்பிப் போவார்.

ஒழுங்கையின் திருப்பத்தில் ஓர் ஆடு கட்டிக் கிடந்தது. கச்சானில் எலும்பாகிப் போன ஆடு. சுருளை அதற்கு முன்னால் விரித்தேன். அது பூவையும் தின்று, கொப்பித்தாளையும் தின்று, என் கையிலிருந்த தொதலையும் தின்றது. நான் சாச்சியைப் போலவே மணலை அள்ளிக் கையில் தேய்த்தேன்.

உம்மா கதவடியில் நின்றுகொண்டிருந்தா. தலை காய்ந்துவிட்டது.

"என்ன மகள்?"

"ஒருத்தரும் தரல்ல."

"ஒருத்தருமா?"

"ஒருத்தரும்."

உம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டா. பிறகு கேட்டா, உம்மா கேட்டுவிடக் கூடாது என்று நான் பயந்ததை: "சாச்சியுமா?"

"சாச்சியும் தரல்ல உம்மா."

உம்மா கையிலிருந்த சீப்பைப் பார்த்தா. ஊர் முழுக்கச் சொன்னதை நம்பாதவ, அதே போட்டில் புருசனைப் பறிகொடுத்தவளும் தன்னை விதவை என்று முடிவு பண்ணிவிட்டாள் என்றதும் நம்பிவிட்டா. பொழுது பட்டு, பள்ளிவாசலில் மஃரிபுக்கு வாங்கு சொன்னது. உம்மா சீப்பை யன்னல் தட்டில் வைத்துவிட்டு, தலையைச் சீவாமலே கையால் முடிந்துகொண்டு உள்ளே போனா. மறுநாள் மாமாவுக்கு ஆள் அனுப்பச் சொன்னா. மாமா கல்முனையிலிருந்து வெள்ளைச் சீலை வாங்கி வந்தார். பெண்கள் எல்லோரும் வந்தார்கள். மாமி எங்களுக்குச் சோறு சமைத்துக் கொண்டுவந்தா, கப்பிக் கயிற்றையும் திரும்பக் கட்டிவிட்டா. எல்லோரும் உம்மாவைக் கட்டிப் பிடித்து அழுதார்கள். உம்மா அழவில்லை. சோற்றையும் தொடவில்லை.

நான் செய்ததற்குக் கூலி வேண்டுமே. வியாழக்கிழமைகளில் மஃரிபோடு வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். இப்போது உம்மா வெள்ளையில் இருக்கிறா, தலையில் பூ இல்லை, வாப்பா தாராளமாக உள்ளே வரலாம். முதல் கிழமை வரவில்லை. இரண்டாம் கிழமையும் வரவில்லை. ஒரு மீன் மணம், ஒரு காலடிச் சத்தம், விளக்குச் சுடரில் ஓர் அசைவு, ஏதாவது ஒன்று காட்டு என்று அல்லாஹ்விடம் கேட்டேன். மூன்றாம் கிழமை படியில் இருக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. ரூஹ் வரவில்லை என்றால் வாப்பா மௌத்தாகவில்லை. வாப்பா மௌத்தாகவில்லை என்றால், கடலில் உயிரோடு இருக்கிற மனிசனின் பெண்சாதியை நான் விதவையாக்கி உள்ளே உட்கார வைத்திருக்கிறேன். ஓடிப்போய் உம்மாவிடம் சொல்ல எழும்பினேன். அறை வாசல் வரைக்கும் போனேன். வெள்ளைச் சீலைக்குள் உம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்த இருப்பைக் கண்டேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று திரும்பினேன். அந்த நாளைக்கு வரவேயில்லை.

கச்சான் நின்றது. வாடை வந்தது. உம்மா அறைக்குள் இருந்தபடி காற்றைக் கேட்டுக்கொண்டிருப்பா. ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று என்னிடம் கேட்பா, நான் சொல்லுவேன், அதற்கு மேல் கதை இல்லை. மாமா வெட்டிய அடிக்கட்டைகள் முதல் மழைக்குக் கொழுந்து விட்டிருந்தன. அதை உம்மாவிடம் நான் சொல்லவில்லை.

சாச்சியின் இத்தா உம்மாவினுடையதற்கு முன்னமே முடிந்தது. முடிந்த மறுநாள், சில்லென்று தூறிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், சாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தா. நாலு மாதத்துக்குப் பிறகு தெருவில் காலை வைத்தவ முதலில் வந்தது எங்களிடம்தான். பாதியாக மெலிந்திருந்தா. உம்மாவுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து உம்மாவின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டா. நான் பிளேன்டீ கோப்பையோடு அறை வாசலில் நின்றேன். பிறகு சாச்சி கேட்டா.

"ராத்தா, நான் அண்டைக்கு இவளிட்டக் குடுத்தனுப்பின பூவ வச்சீங்களா?"

கோப்பை சரிந்தது. தேத்தண்ணீர் சூடாக என் விரலில் வழிந்தது, நான் அசையவில்லை. உம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தா. இவ்வளவு காலம் கழித்தும் அந்தப் பார்வையை என்னால் சொல்ல முடியவில்லை. கோபம் என்றால் தாங்கியிருப்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை உம்மா என் முகத்தில் வாசித்து முடிக்கும் வரைக்கும் வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"ஓம் தங்கச்சி" என்றா உம்மா. "வச்சன். அண்டைக்கே வச்சன்."

சாச்சியின் முகம் உடைந்தது. அழுகையும் சிரிப்புமாக உம்மாவின் தோளில் சாய்ந்தா. "எனக்கு அது காணும் ராத்தா. அத நினைச்சிக்கிட்டுத்தான் நான் அந்த அறைக்குள்ள கிடந்தன்." வெள்ளைச் சீலையில், மொட்டைக் கொண்டையோடு இருந்த உம்மா சாச்சியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தா. பூ வைத்த ஒருத்தி இரண்டு நாளில் ஏன் வெள்ளை உடுத்தா என்று சாச்சி கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவ இல்லை.

சாச்சி போன பிறகு நான் மூலையில் ஒடுங்கி நின்றேன். அடி விழும் என்று காத்திருந்தேன். விழுந்திருந்தால் இன்றைக்கு உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். உம்மா கையால் பாயைத் தட்டிப் பக்கத்தில் வரச் சொன்னா. போனேன். என் சுட்ட விரலைப் பிடித்துப் பார்த்தா, தன் வெள்ளைச் சீலைத் தலைப்பால் துடைத்தா. எதற்குச் செய்தாய் என்று கேட்கவில்லை. ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகு இருந்த முப்பத்திரண்டு வருசத்திலும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எத்தின பூ இருந்திச்சி?"

வழியில் நான் எண்ணியிருந்தேன்.

"பதினொண்டு" என்றேன்.

உம்மா தலையை ஆட்டினா. பதினொன்று என்று தனக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தா. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, சீலையை முகத்தில் இழுத்து மூடிக்கொண்டு, போட் வராத அந்தக் காலையிலிருந்து ஒரு நாளும் அழாத உம்மா, தெருவெல்லாம் கேட்கக் கத்தி அழுதா.